மீட்டருக்கு எட்டு



கோடை பிறந்தால் எங்களுக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. கோவில்பட்டியில் ஹாக்கி மட்டைகளுக்கு ஓய்வில்லை. தென் மாவட்டக் கிராமங்களில் கோயில் கொடையை ஒட்டி ‘மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி முளைக்கிறது. பள்ளி மைதானங்களில் பயிற்சி முகாம்கள். வீட்டில் ஒரு பிள்ளை ஆடினால் போதும், அதைப் படம்பிடித்து வைக்க ஓர் அப்பாவோ சித்தியோ அண்ணனோ கிளம்பிவிடுகிறார். அவர்கள் எழுதும் கடிதம் எப்படித் தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: “எத்தனை எக்ஸ் ஜூம் உள்ள கேமரா வாங்கலாம், ஐயா?”

தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன். அரசியல் எங்கே போய்விடப் போகிறது, அடுத்த மாதமும் இருக்கும்.

முதலில் அந்த எக்ஸ். கடைக்காரர் பெட்டியின்மேல் விரலால் தட்டிக் காட்டும் அந்த எண் வெறும் விகிதம். லென்ஸின் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்தால் வருவது. 2015இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 மி.மீட்டரில் தொடங்கி 2000 மி.மீ. வரை நீளும். வகுத்துப் பாருங்கள், 83 எக்ஸ். 2018இல் வந்த பி1000 இன்னும் நீண்டு 3000 மி.மீட்டரைத் தொட்டு 125 எக்ஸ் ஆனது. மொட்டைமாடியில் நின்றபடி நிலாவின் பள்ளங்களைப் பிடிக்க இவை அருமையான கருவிகள். ஆனால் எல்லைக்கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் தோளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு 70-200 மி.மீ. லென்ஸ் தொங்கும். அதை வகுத்தால் 3 எக்ஸ்கூடத் தேறாது. நிலா நின்று கொடுக்கும். பாடிப் போகும் கபடி ரெய்டர் நிற்க மாட்டார். வித்தியாசம் அங்கேதான்.

எக்ஸுக்குப் பதிலாக வேறொரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே எத்தனை மீட்டர்? அதை எட்டால் பெருக்குங்கள். வருவதுதான் உங்களுக்கு வேண்டிய மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. மீட்டருக்கு எட்டு என்று லென்ஸ் வைத்தால் படத்துக்குள் நாலரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் அடங்கும். நிற்கும் ஆள் படத்தின் பாதி உயரத்துக்கு மேல் வருவார். அவர்மேல் பாய வருகிறவருக்கும் இடம் இருக்கும்.

ஆண்கள் கபடித் திடல் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்தால் ஆட்டம் எட்டு, பத்து மீட்டருக்குள் நடக்கிறது. ஆக 64இலிருந்து 80 மி.மீ. போதும். வாலிபாலும் ஏறக்குறைய அப்படித்தான். ஹாக்கித் திடல் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் ஒரு மூலையில் இடம் பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கோலுக்கு முன்னிருக்கும் ‘டி’ வளைவுக்குள் நடக்கும் அமளியில் பெரும்பகுதி 30 மீட்டருக்குள் இருக்கும். 240 மி.மீ. இருந்தால் நிம்மதி. கிரிக்கெட் மட்டும்தான் பேராசைக்கார ஆட்டம். எல்லைக்கோட்டிலிருந்து பிட்ச் 65, 70 மீட்டர் தள்ளிக் கிடக்கும், 560 மி.மீ. கேட்கும். அப்படியானால் 2000 மி.மீ. எதற்கு? 250 மீட்டர் தூரத்துக்கு. படகுப் போட்டியை விட்டால் அவ்வளவு தள்ளி நின்று படமெடுக்க வேண்டிய விளையாட்டு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இந்தக் கணக்கு ஃபுல் ஃபிரேமுக்கானது. நம்மில் பலர் வாங்கக்கூடிய ஏபிஎஸ்-சி கேமராக்களில் சென்சார் சிறியது. அதனால் லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேனானாக இருந்தால் 1.6. சாதாரண 70-300 லென்ஸ் அதில் 105-450 போல வேலை செய்யும். ஹாக்கிக்கும் கால்பந்துக்கும் தாராளம்.

தூரம் இவ்வளவு சுலபத்தில் தீர்ந்துவிடுகிற விஷயம். தீராதது வெளிச்சம். ஷட்டர் வேகம் கூடக்கூட அது அதிகம் வேண்டும்.

ஓட்டப்பந்தய வீரர் நொடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் அவர் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். 1/200 நொடியில் ஐந்து சென்டிமீட்டர். முகம் கலைந்துவிடும், வீசும் கையும் உதைக்கும் காலும் புகையாகிவிடும். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து 1/1000 நொடியில்கூட மூன்றரை சென்டிமீட்டர் பறந்துவிடும், அதாவது தன் அகலத்தில் பாதி. ஆகவே விளையாட்டுக்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம் என்பது அடித்தளம், முடிந்தால் 1/2000. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் ‘ஸ்டெபிலைசேஷன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஓடுகிறவர் அசங்காமல் விழுவார் என்று நினைக்கிறார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஆட்டக்காரரின் காலைக் கட்டிப்போடாது.

பகலில் இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. வெயில் நேராக அடிக்கும் மைதானத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் திறப்பு, எண் சிறியதானால் திறப்பு பெரிது) 5.6 என்று வைத்தால் 1/3000 நொடியை ஒட்டிய வேகம் கிடைத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு எந்தக் கேமராவும் வீரன்தான். சிக்கல் வேறு பக்கம் வருகிறது. மே மாத உச்சிவெயிலில் கொதிக்கும் தரைக்கு மேலே காற்று நெளியும். நீண்ட ஜூமில் அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று கேமராவைத் திட்டுவார்கள், கேமரா என்ன செய்யும்? காலை ஒன்பதுக்கு முன், மாலை நான்குக்குப் பின், அல்லது இன்னும் கிட்டப் போய். வேறு வழியில்லை.

இருட்டிய பிறகு கதை தலைகீழ். கிராமத்து மின்னொளித் திடலில் நான்கு கம்பங்களில் விளக்கு எரியும். கண்ணுக்குப் பட்டப்பகல் மாதிரி இருக்கும், கேமராவுக்கு இருட்டு. எஃப் 2.8 லென்ஸில் 1/1000 நொடிக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும் திடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம், அப்படிப்பட்டவை ஏராளம். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ் நீண்ட முனையில் 5.6 வரைதான் திறக்கும், கால்வாசி வெளிச்சம்தான் உள்ளே வரும். ஐஎஸ்ஓ 12,800 ஆகிவிடும். பி900 நீண்ட முனையில் 6.5தான் திறக்கும், அதற்கு 17,000 வேண்டும். அது மட்டுமா? அதன் சென்சார் சின்ன விரல் நகத்தைவிடச் சிறியது, ஃபுல் ஃபிரேமின் முப்பதில் ஒரு பங்கு பரப்பு. அவ்வளவு ஐஎஸ்ஓ அதில் கிடையவே கிடையாது, கிடைத்தாலும் முகத்தில் மணலை அள்ளிப் போட்டாற்போலத்தான் இருக்கும்.

ஃபோகஸும் ஒரு பிரச்சினை. இந்த வகைப் பெருஜூம் கேமராக்களில் பல, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து எங்கே தெளிவு என்று தேடிக் கண்டுபிடிக்கின்றன. ஃபேஸ் டிடெக்‌ஷன் உள்ள கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே நகர்கிறது. முன்னது தேடி முடிப்பதற்குள் ரெய்டர் இரண்டு பாயிண்டோடு திரும்பியிருப்பார்.

ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும், லென்ஸ் மாற்றுகிற தொல்லையே வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் துணிந்து சொல்லக்கூடியது சோனி ஆர்எக்ஸ்10 வரிசையில் 2017இல் வந்த நான்காவது மாடல். ஒரு இன்ச் சென்சார், 24-600 மி.மீ., நீண்ட முனையிலும் எஃப் 4, ஃபேஸ் டிடெக்‌ஷன், நொடிக்கு 24 படம். எக்ஸ் கணக்கில் வெறும் 25. பகல், மாலை ஆட்டங்களுக்கு இதைவிடக் கச்சிதமான பெட்டி எனக்குத் தெரியாது. விலைதான் கையைச் சுடும்.

அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய ஏபிஎஸ்-சி கேமரா உடல் ஒன்று, ஒரு 55-250 அல்லது 70-300 ஜூம், கூடவே ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். ஜூம் பற்றிக் கேட்டவருக்கு ஜூமே இல்லாத லென்ஸைத் தலையில் கட்டுகிறாரே என்று நினைக்காதீர்கள். ஏபிஎஸ்-சியில் அந்த 50 மி.மீ., 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். கபடிக்கு நாம் போட்ட கணக்கு 64இலிருந்து 80. எஃப் 1.8, 5.6ஐவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 12,800 கேட்ட அதே திடலில் ஐஎஸ்ஓ 1300 போதும். முழுக்கத் திறந்தால் ஃபோகஸ் மயிரிழையில் தப்பும் என்பதால் 2.2 வரை மூடிக்கொள்ளலாம். அப்போதும் 2000ஐத் தாண்டாது. பகலுக்கு ஜூம், இரவுக்கு இது. புதிய 70-200 எஃப் 2.8 லென்ஸைப் பற்றி யோசிக்க, பிள்ளை மாநில அணிக்குப் போகட்டும்.

பழைய பொருள் வாங்கும்போது லென்ஸைச் செல்போன் டார்ச்சுக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். நூலாம்படை போல் ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சர்வசாதாரணம். ஜூம் வளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். நடுவில் எங்காவது இடறினால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

இனி மைதானம். கேமராவில் செய்ய வேண்டியது குறைவு. ஷட்டர் 1/1000, துளை முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ ஆட்டோ, அதற்கு ஓர் உச்சவரம்பு. ஃபோகஸைத் தொடர்நிலையில் வையுங்கள். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ. டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அது படத்தை வெட்டி ஊதிக் காட்டும் வேலை, அதை வீட்டில் உட்கார்ந்து நாமே செய்துகொள்ளலாம். பட்டனை அமுக்கியபடியே இருக்காதீர்கள். கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பினால் அது மூச்சு வாங்கும், சரியாகப் பிடி விழும் நேரத்தில்தான் மூச்சு வாங்கும். மூன்று, நான்கு படமாக எடுத்து நிறுத்துங்கள்.

கபடியில் எங்கே உட்காருவது? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற படங்களில் பாதி இங்கேதான் வீணாகிறது. ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போகும்போது அவர் முகம் எதிரணியைப் பார்த்திருக்கும். ஆகவே அந்த முகம் வேண்டுமானால் தடுப்பவர்களின் கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஆனால் அவர் பிடிபட்டதும் எல்லாம் திரும்பிவிடும். ஆளைச் சுமந்துகொண்டு, கையை நீட்டி, நடுக்கோட்டைத் தொடத் துடிக்கும் அந்த முகம் அவருடைய சொந்த அணியின் பக்கம் பார்க்கும். கடைக்கோட்டில் உட்கார்ந்தவருக்கு அப்போது கிடைப்பது முதுகுகளும் டவுசர்களும்தான். என்னைக் கேட்டால் இரண்டாவது முகம்தான் கபடி. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ரெய்டரின் அணி நிற்கும் பாதியில் இரண்டு மீட்டர் தள்ளி, பக்கக்கோட்டுக்கு வெளியே உட்காருங்கள். நடுவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள், அவர்களுடைய கால் நம் படத்துக்குள் வருவது அவர்கள் குற்றமல்ல. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும், நீங்களும் மாறலாம்.

மண் திடலாக இருந்தால் விளக்குக் கம்பம் ஒன்று உங்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக இருக்கட்டும். பிடியில் கிளம்பும் புழுதி அந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். பின்னணியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயிரைக் கொடுத்துப் பிடித்திருந்தாலும், ரெய்டரின் தலைக்கு மேலே ஃப்ளெக்ஸ் பேனரில் நான்கு பிரமுகர்கள் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தால் எங்கள் பக்க வடிவமைப்பாளர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தால் பிரமுகர்கள் தப்பித்துக்கொள்வார்கள், நாமும்தான்.

மின்னொளியில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரே நொடியில் எடுத்த நான்கு படங்களில் ஒன்று பளிச்சென்று, ஒன்று மங்கலாக, ஒன்று பச்சை பாய்ந்து இருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/1000 நொடி என்பது அந்த ஏற்ற இறக்கத்தில் எங்கோ ஒரு துண்டு மட்டும். 2014இல் கேனான் 7டி மார்க் 2 இந்தத் துடிப்பை அளந்து, ஒளி உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் வசதியோடு வந்தது. பிறகு பல கேமராக்களில் அது இடம்பிடித்துவிட்டது. மெனுவில் ‘ஆன்ட்டி ஃப்ளிக்கர்’ என்று தேடுங்கள். ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரை விளக்கடியில் தவிர்த்துவிடுங்கள். படத்தில் வரிவரியாகக் கோடு விழும், வேகமாகச் சுழலும் மட்டை வளைந்தும் தெரியும்.

ஜூம் கையில் இருந்தால் ஆட்டம் நடக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும். எதிர்பார்க்கும் இடத்துக்கு முன்கூட்டியே அளவை வைத்துவிட்டு, கொஞ்சம் அகலமாகவே விட்டுக் காத்திருங்கள். மட்டையும் காலும் வெட்டுப்படாமல் வரும், மிச்சத்தைப் பிறகு நறுக்கிக்கொள்ளலாம். அகலமாக விடுவதன் பலனுக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய ஆட்டம் டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’யாக முடிந்தது. அந்தக் கடைசி ரன் அவுட்டை ‘தி ஏஜ்’ நாளிதழின் ரான் லோவிட் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. ஆஸ்திரேலிய மட்டையாளர் மெக்கிஃப் கோட்டை எட்டாமல் போக, சுற்றிலும் பல ஆட்டக்காரர்கள் ஒரே சட்டகத்துக்குள் துள்ளுகிறார்கள். ஒருவர் முகத்தையும் அது பெரிதாக்கிக் காட்டுவதில்லை. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ், ஃபோக்ட்லேண்டரின் ஜூமார், அதற்கு முந்தைய ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்தது. லோவிட் எடுத்த படத்தில் ஒரு முகத்தை மட்டும் இழுத்துப் பிடித்திருந்தால் அது யாரோ ஒருவர் கத்துகிற படமாகப் போயிருக்கும்.

மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் மட்டும் மேலே சொன்ன ஷட்டர் வேகத்தை மறந்துவிடலாம். அங்கே 1/60க்கு இறக்கி, வண்டி வரும் வேகத்திலேயே இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டு எடுங்கள். மாடு தெளிவாக நிற்க, சாலையோரப் பனைகள் கோடாக ஓடும். பத்துக்கு ஒன்பது பாழாகும், கவலைப்படாதீர்கள். சாலையில் இறங்கி மட்டும் நிற்காதீர்கள். ஹாக்கியிலும் பெனால்டி கார்னர் எடுக்கும்போது கோலுக்குப் பின்னால் வலையை ஒட்டி உட்காராதீர்கள்.

பெரிய ஸ்டேடியங்களைப் பற்றி நான் பேசாததைக் கவனித்திருப்பீர்கள். ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர்களின் கேமராவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் நிபந்தனைகளை முன்பே படித்துக்கொள்வது நல்லது. நமக்குக் கதவு திறந்திருப்பது மாவட்டப் போட்டிகளில், பள்ளி மைதானங்களில், கொடைக் கபடியில். அங்கும் கயிற்றுக்கு உள்ளே போக ஒரு சொல் கேட்க வேண்டும். விழாக் குழுவிடம், நடுவரிடம், பயிற்சியாளரிடம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் படத்தை வெளியே போடுவதற்கு முன் அவர்களைப் பெற்றவர்களிடமும்.

கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஆட்டம் முடிந்த அன்று இரவே பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, தோற்ற அணியின் படங்களையும் சேர்த்து, பயிற்சியாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த போட்டிக்கு நீங்கள் போகும்போது, பக்கக்கோட்டில் உங்களுக்கு அவரே இடம் போட்டு வைத்திருப்பார். எந்தக் கடையிலும் கிடைக்காத பத்து மீட்டர் அது, எட்டால் பெருக்கினால் 80 மி.மீ. மிச்சம்.

அன்புடன்,
ஆசிரியர்